முருகம்மாள் வளர்ந்த எட்டு நாட்கள்

முருகம்மாள் இருபத்துமூன்று வருடங்களாகத் தொழிலில் வளரவே இல்லை என்ற செய்தி, ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் காலை பதினொன்றேகால் மணிக்கு அவளுக்குத் தெரியவந்தது. அந்த நேரத்தில் அவளுடைய வலது கை தோள்பட்டை வரைக்கும் ஒரு பசுமாட்டுக்குள் இருந்தது. கன்று போட்டு ஒன்றரை நாளாகியும் இளங்கொடி விழாத மாடு.

டாக்டர் ஜாபர் சாதிக் தபாலில் வந்த கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தார்.

"அக்கா, ஒங்க வளர்ச்சி தேங்கிப்போச்சாம்."

"எங்கன சார்?"

"தொழில்லதான். தரவு சொல்லுதாம்."

முருகம்மாள் கையை வெளியே எடுக்கவில்லை. உள்ளே விரல்களுக்கு இடையில் கொடி பிடி கொடுத்துக்கொண்டிருந்தது. அதை மெதுவாகக் கழற்றி வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான், "தரவுன்னா யாரு சார்?" என்று கேட்டாள்.

அந்தக் கால்நடை மருந்தகம் விஸ்வநத்தத்தைத் தாண்டி, பட்டாசுக் கம்பெனிகளின் சுற்றுச்சுவர்களுக்கு நடுவே இருந்தது. டாக்டர் ஒருவர், கால்நடை பராமரிப்பு உதவியாளராக முருகம்மாள் ஒருத்தி, அவ்வளவுதான் ஆட்கள். டாக்டருக்குக் கூடுதலாக இரண்டு ஊர் மருந்தகங்கள் பொறுப்பில் இருந்ததால், வாரத்தில் நான்கு நாட்கள் முருகம்மாள்தான் மருந்தகம். மாட்டைப் பிடித்துக்கொள்வது மட்டுமே அவள் வேலை என்று ஆணையில் இருந்தது. மாடுகள் அந்த ஆணையைப் படித்ததில்லை.

கடிதத்தை அனுப்பியிருந்தது 'கால்நடைப் பணியாளர் தொழில்வளர்ச்சிப் பயிலகம்'. எட்டு நாள் பயிற்சி, வருகிற திங்கட்கிழமை முதல். டாக்டரும் வர வேண்டும், உதவியாளரும் வர வேண்டும். நூறு விழுக்காடு வருகை இல்லாதவர்களின் பெயர் எந்தப் பதவி உயர்வுப் பட்டியலிலும் இருக்காது.

"ரெண்டு பேரும் போயிட்டா ஆஸ்பத்திரிய யாரு பாப்பாக?"

டாக்டர் உறைக்குள் கைவிட்டு ஒரு அச்சடித்த தாளை எடுத்தார். கதவில் ஒட்டுவதற்காக அவர்களே அனுப்பியிருந்தார்கள். 'இங்கே பணியாற்றுவோர் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். தங்கள் பொறுமைக்கு நன்றி.'

பயிலகம் சாத்தூர்ப் பக்கம், இருக்கன்குடிக்குப் பிரிகிற சாலையில் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பான தரை. வாசலில் 'இது கால்நடை இல்லா வளாகம்' என்று ஒரு பலகை. பக்கத்துக் காட்டிலிருந்து வரும் இரண்டு வெள்ளாடுகளை விரட்டுவதற்கென்றே கம்போடு ஒரு காவலாளி நின்றார். நூற்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோருடைய செல்போன்களையும் 'கவனச் சிதறல் பெட்டி' என்று எழுதிய ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கிக்கொண்டார்கள். முருகம்மாள் தன்னுடைய பழைய பட்டன் போனைக் கொடுக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்தது போனாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

பயிலக இயக்குநர் முனைவர் லட்சுமிகாந்தம் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுப் பேசினார்.

"நான் இந்தத் துறைக்கு வந்து முப்பத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை என் சட்டையில் ஒரு பொட்டுச் சாணி பட்டதில்லை. எப்படி? வளர்ந்துகொண்டே இருந்தேன். வளர்பவன் மேலே போகிறான். சாணி கீழேயே இருந்துவிடுகிறது."

கைதட்டல் எழுந்தது.

"மாட்டுக்கு நோய் வந்தால் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு வளர்ச்சிக் குறைபாடு வந்தால் யார் இருக்கிறார்கள்? நாங்கள் இருக்கிறோம். அந்த வகையில் பார்த்தால், எங்களுக்கு உங்களுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் கிடையாது."

அதற்கும் கைதட்டினார்கள். முன்வரிசைதான் அதிகமாகத் தட்டியது.

பயிற்சியாளர் கீர்த்திகா சென்னையிலிருந்து வந்த ஒரு தனியார் நிறுவனத்துப் பெண். நல்ல மாதிரி. இதற்கு முன் வங்கி ஊழியர்களையும் அதற்கு முன் ஒரு துணிக்கடையையும் வளர்த்தவள். அவள் ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள். 'ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?' என்பது முதல் கேள்வி. முருகம்மாள் யோசிக்காமல் 'விஸ்வநத்தம்' என்று எழுதினாள்.

"மேடம், இது ஊர் பேரு. நான் கேட்டது நீங்க எந்த நிலைக்குப் போயிருப்பீங்கன்னு."

"மாடு அங்கனதானம்மா இருக்கு."

"மாட்டை விடுங்க. உங்க கனவு என்ன?"

முருகம்மாள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "முந்தாநேத்து ஒரு கனவு கண்டேன். அதுலயும் ஒரு எருமைக்கு வயித்தால போகுது."

கீர்த்திகா சங்கடத்தோடு படிவத்தின் மூலையில் 'கனவுக் குறைபாடு' என்று குறித்தாள். அப்படிக் குறிக்கப்பட்ட முப்பத்தாறு பேரைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். எல்லோருமே பராமரிப்பு உதவியாளர்கள்.

இரண்டாம் நாள் புள்ளிகளைப் பற்றி விளக்கினார்கள். நிலை இரண்டுக்கு ஏற அறுபது புள்ளிகள் வேண்டும். மாட்டுக்குப் பிரசவம் பார்த்தால் புள்ளி கிடையாது. அது அன்றாட வேலை. பிரசவம் பற்றி உரையாற்றினால் ஐந்து. அந்த உரையைக் கேட்டால் மூன்று. உரையாற்றியவருக்கு நன்றி சொன்னால் இரண்டு. முருகம்மாள் தன் இருபத்துமூன்று வருடப் பதிவேடுகளை மஞ்சள் பையில் சுமந்து வந்திருந்தாள். அதைப் பார்த்த அலுவலர், புகைப்படம் இருந்தால்தான் கணினி ஏற்கும் என்றார். படத்தில் பயனாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

"மாடு உக்காந்துட்டா அது சீக்கு முத்திப்போச்சுன்னு அர்த்தம் சார்."

"அதெல்லாம் கணினிக்குத் தெரியாதும்மா."

நான்காம் நாள் செய்முறைப் பயிற்சி. கண்ணாடியிழையில் செய்த ஒரு மாட்டை மேடையில் ஏற்றியிருந்தார்கள். கடை வாசல்களுக்குப் பொம்மை செய்பவரிடம் வாங்கியது. அதனால் அது சிரித்துக்கொண்டிருந்தது. கன்று குறுக்கே திரும்பியிருந்தால் எப்படி எடுப்பது என்பதுதான் பாடம். முருகம்மாள் கை கழுவிக்கொண்டு மாட்டின் பின்னால் போனாள். வால் இருந்தது. வாலுக்குக் கீழே ஒன்றுமில்லை. வழுவழுவென்று மூடியிருந்தது.

"கைய எங்கன விடுறது?"

"கற்பனை பண்ணிக்கோங்க மேடம்," என்றாள் கீர்த்திகா. "அப்புறம், அங்க நிக்காதீங்க. கேமரா இந்தப் பக்கம் இருக்கு."

முருகம்மாளுக்குப் பூஜ்யம். டாக்டர் ஜாபர் சாதிக் மாட்டின் முகத்துக்கு அருகே நின்று தடவிக்கொடுத்துப் புன்னகைத்ததற்கு ஐந்து புள்ளிகள் வாங்கினார். இறங்கி வரும்போது அவர் முருகம்மாளைப் பார்க்காமல் வந்தார்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. 'அவசரநிலையை எதிர்கொள்ளுதல்' என்ற தலைப்பில் லட்சுமிகாந்தமே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். பத்தரை மணி இருக்கும். முருகம்மாளின் இடுப்பில் போன் அதிர்ந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு குனிந்து பேசினாள். விஸ்வநத்தத்துக்குப் பக்கத்திலிருந்து பாலகுரு. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். போன வருடம் ஒரு கறவை மாடு வாங்கியிருந்தான்.

"யக்கா, ஆஸ்பத்திரி பூட்டிக் கெடக்கு. இங்கன நாலு மாடு தள்ளாடுது. மூச்சு இளைக்குது. வாய்க்குள்ள பாத்தா நீலம் பாஞ்ச மாதிரி இருக்கு."

"சாக்கு எதையும் நக்குச்சுகளா?"

"கம்பெனில வெடியுப்புச் சாக்க அலசிக் காயப்போட்டிருந்தாக. அலசுன தண்ணி தொட்டியில கெடந்துச்சு."

முருகம்மாள் போனை இடுப்பில் செருகினாள். ஆறு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு மாட்டைப் பார்த்திருக்கிறாள். பட்டாசு மருந்தில் சேர்க்கிற வெடியுப்பு உள்ளே போனால் ரத்தத்துக்கு மூச்சைச் சுமக்கிற சக்தி போய்விடும். நீல மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம்தான் கெடு. மருந்து மருந்தகத்து அலமாரியில் இருக்கிறது. பயிற்சிக்காகப் பூட்டியதிலிருந்து சாவி டாக்டரிடம் இருக்கிறது.

எழுந்து நின்றாள். "சார், எங்க ஊர்ல மாடு சாகக் கெடக்கு."

லட்சுமிகாந்தம் சிரித்த முகத்தோடு கையை உயர்த்தினார். "கேள்விகள் கடைசியில். அவசரநிலையில் முதலில் வேண்டியது பதற்றமின்மை. பாருங்கள், நான் பதறுகிறேனா?"

முருகம்மாள் வரிசைகளைத் தாண்டி டாக்டரிடம் போய்க் காதருகே குனிந்து விவரத்தைச் சொன்னாள். ஜாபர் சாதிக் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு நன்றாகவே தெரியும், கெட்டிக்கார டாக்டர்.

"எந்திரிங்க சார், போவோம்."

"அக்கா... கைரேகை மூணு வேளையும் வைக்கணும். ஒண்ணு போனாலும் எட்டு நாளும் போச்சு. உதவி இயக்குநர் லிஸ்ட்ல நான் ஏழாவது ஆளு. ஒன்பது வருஷமா ஏழாவது ஆளு."

முருகம்மாள் சாவிக்குக் கையை நீட்டினாள். அவர் சாவியை அதில் வைத்தார். பிறகு பின்னூட்டப் படிவம் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தில் மருந்தின் அளவை எழுதி, கீழே பழக்கதோஷத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வாசலில் காவலாளி மறித்தார். வெளியே போகப் படிவம் வேண்டும். 'வளர்ச்சியை இடைநிறுத்தக் காரணம்' என்ற இடத்தில் முருகம்மாள் 'மாடு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். ஆடி வெள்ளி என்பதால் வந்த பேருந்தெல்லாம் மஞ்சள் சேலைகளோடு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கே போய்க்கொண்டிருந்தன. அட்டைப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போன ஒரு குட்டியானை வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

மருந்தகத்தைத் திறந்து அலமாரியைப் பார்த்தபோது ஆறு பாட்டில்கள் இருந்தன. ஒரு மாட்டுக்கு மூன்று வேண்டும்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களின் மாடு செத்துக் கிடந்தது. பாலகுருவின் மாடு படுத்துவிட்டது. எதிர்வீட்டு இருளம்மாளுடைய இரண்டும் சுவரோடு சாய்ந்து நின்றன. இருளம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வேலையில் இருந்தாள். அவளுக்கு இன்னும் தகவல் போகவில்லை. முருகம்மாள் ஒரு மாட்டின் காதில் ஊசியால் குத்திப் பார்த்தாள். ரத்தம் கருப்பட்டிப் பாகு நிறத்தில் வந்தது.

"ரெண்டு மாட்டுக்குத்தான் மருந்து காணும் பாலகுரு."

"எம்மாட்டுக்குப் போட்டாப் பொழைக்காதா?"

"பொழைக்கலாம். பொழைக்காமயும் போகலாம். போச்சுன்னா மருந்தும் சேந்து போயிரும். நிக்கிறதுக ரெண்டும் நிச்சயம் பொழைக்கும்."

பாலகுரு தன் மாட்டைப் பார்த்தான். அதன் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு போய் இருளம்மாளுடைய மாட்டின் கொம்புகளைப் பிடித்துக் கழுத்தைத் திருப்பிக் கொடுத்தான். முருகம்மாள் கழுத்து நரம்பில் ஊசியைச் செருகி மருந்தை மெதுவாக ஏற்றினாள். டாக்டர் இல்லாமல் அவள் செய்யக் கூடாத வேலை. இரண்டாவது மாட்டுக்கு ஏற்றி முடிப்பதற்குள் பாலகுருவின் மாடு ஒரு தடவை காலை உதைத்து அடங்கியது. அவன் அப்போதும் கொம்பை விடவில்லை.

சாயங்காலம் மூன்றாவது கைரேகையை வைத்துவிட்டு டாக்டர் வந்து சேர்ந்தார். ஆறு மணி தாண்டியிருந்தது. பிழைத்த மாடுகளில் ஒன்று பச்சையும் நீலமுமாக மூத்திரம் பெய்தது. மருந்து வேலை செய்துவிட்டது. முருகம்மாள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் வந்திருந்தா மூணாவதும் நின்னிருக்குமாக்கா?"

"மருந்து அம்புட்டுதான் சார் இருந்துச்சு." காலிப் பாட்டில்களைப் பைக்குள் போட்டபடி, "நீங்க உள்ளூர்ல இருந்திருந்தா, மாடு படுக்குறதுக்கு முன்ன விருதுநகருக்குப் போன் போட்டு இன்னும் நாலு பாட்டில் வரவழைச்சிருப்பீக," என்றாள்.

அவர் செத்த மாட்டின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, வெகுநேரம் எழவில்லை.

மறுநாள் சனிக்கிழமை பயிலகத்தில் விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் லட்சுமிகாந்தம்.

"மாடு செத்தது இயற்கை. நீங்கள் எழுந்துபோனது ஒழுங்கீனம். புரிகிறதா?"

"ரெண்டு பொழச்சிருச்சு சார்."

"அதுதானம்மா பிரச்சினையே!" அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நான்குமே செத்திருந்தால், பயிற்சி போதாது என்று பதினாறு நாளாக்க எழுதியிருப்பேன். பயிற்சியை முடிக்காத ஒருவர் போய்க் காப்பாற்றினால், பயிற்சி எதற்கு என்று ஒருவன் கேட்பான். அந்தக் கேள்வி வந்தால் இந்தக் கட்டடம் எதற்கு? நான் எதற்கு?"

பக்கத்தில் இருந்தவர் இருமினார். லட்சுமிகாந்தம் தண்ணீர் குடித்தார். அவளுக்கு ஐந்து நாள் புள்ளிகளும் ரத்து. முதல் நாளிலிருந்து மறுபடி வளர வேண்டும் என்று எழுதினார்கள்.

ஆனால் திங்கட்கிழமைக்குள் அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நிறைவு விழாவில் மேடை முழுக்க ஒரு பதாகை கட்டியிருந்தார்கள்: 'விஸ்வநத்தம் முன்மாதிரி: விரைவு மீட்பில் பயிலகத்தின் பங்கு'. இருளம்மாளின் இரண்டு மாடுகளையும் வேனில் ஏற்றி வந்திருந்தார்கள். வளாகத்துக்குள் கால்நடைக்கு அனுமதி இல்லாததால், வாசலுக்கு வெளியே வெயிலில் மாலையோடு நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். விசாரணையில் முருகம்மாள் காட்டிய பின்னூட்டப் படிவத்தின் பின்பக்கத்தில் டாக்டரின் கையெழுத்து இருந்ததால், வகுப்பறையிலிருந்தபடியே மருத்துவம் பார்த்தவர் என்று ஜாபர் சாதிக்குக்குக் கேடயம் தந்தார்கள். அவர் அதைத் தலையைக் குனிந்தே வாங்கினார். ஆனாலும் வாங்கினார்.

அடுத்ததாகப் பயனாளி என்று பாலகுருவை ஏற்றினார்கள். அவன் கையில் நன்றியுரை எழுதிய ஒரு தாள் இருந்தது. அவன் அதைப் படிக்கவில்லை.

"எம்மாடு செத்துப்போச்சுங்க. பொழச்சது எம்மாடு இல்ல. வாங்கன்னு கம்பெனில லீவு சொல்லிக் கூட்டியாந்தாக. என்ன சொல்லணும்னு தெரியல."

லட்சுமிகாந்தம் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "மகிழ்ச்சியில் வார்த்தை வரவில்லை!" முன்வரிசை கைதட்டியது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த முருகம்மாளுக்குக் குமட்டியது. வயிற்றுக்குள்ளேயே அழுகிப்போன கன்றைத் துண்டுதுண்டாக எடுத்திருக்கிறாள். புழு வைத்த குளம்பைக் கையால் சுத்தம் செய்துவிட்டு அப்படியே போய்ச் சோறு தின்றிருக்கிறாள். அப்போதெல்லாம் வராத குமட்டல், பன்னீர் தெளித்த அந்தக் குளிர்சாதன அறையில் தொண்டை வரைக்கும் வந்தது.

கீர்த்திகா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் முகம் சரியில்லை. "மேடம், நன்றியுரையை நீங்க சொன்னா ரெண்டு புள்ளியோட, ரத்தான புள்ளிகளையும் போட்டுடலாம்னு கேட்டு வச்சிருக்கேன். மறுபடி வர வேண்டாம்ல?"

முருகம்மாள் மேடையேறினாள். ஒலிபெருக்கி அவளுக்கு உயரமாக இருந்தது. கீர்த்திகா வந்து இறக்கிவைத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வெடியுப்பு தின்ன மாட்டுக்குப் போடுற நீல மருந்து ஒங்க ஆஸ்பத்திரில இருக்கா? இருக்கவுக கையத் தூக்குங்க."

நூற்று நாற்பது பேரில் பதினோரு கைகள் உயர்ந்தன. பட்டாசுக் கம்பெனிகள் உள்ள ஊர்களிலிருந்து வந்தவர்களே அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். எட்டு நாட்களில் அந்த அறையில் யாரும் கைதட்டாமல் இருந்தது அப்போதுதான்.

"தீவாளி சீசன் ஆரம்பிச்சிருச்சு. லோடு கூட வரும், சாக்கும் கூட வரும். இன்னிக்கே எழுதிக் கேளுங்க. நன்றி."

லட்சுமிகாந்தம் எழுந்து, இந்தக் கலந்துரையாடல் நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் இது நடந்ததாகக் கொள்ளப்படாது என்று அறிவித்தார். தேசிய கீதம் பாடினார்கள். ஆனால் வெளியே டீக்கடையில் உதவியாளர்களும் நாலைந்து டாக்டர்களும் முருகம்மாளைச் சூழ்ந்துகொண்டு, ரத்தம் என்ன நிறம், எந்த நரம்பு, எம்புட்டு நேரம் என்று கேட்டு உள்ளங்கையிலும் டிபன் பொட்டலத் தாளிலும் எழுதிக்கொண்டார்கள். கீர்த்திகாவும் ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் ஆணை வந்தது. முருகம்மாள் வளர்ச்சிக்குத் தகுதியற்றவர். எனவே பழைய நிலையிலேயே பழைய இடத்தில் பணிபுரியத் தண்டிக்கப்படுகிறார். அதே தபாலில் ஜாபர் சாதிக்குக்குப் பதவி உயர்வும் வந்தது. அவர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது முருகம்மாள் ஒரு தாளை நீட்டினாள். நீல மருந்து இருபது பாட்டில் கேட்டு அவளே எழுதிய கோரிக்கை.

"போறதுக்கு முன்ன இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க சார்."

அவர் உடனே போட்டார். பிறகு என்னவோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் வண்டி ஒலியெழுப்பியது. போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை.

ஆவணி பாதியில் பதில் வந்தது. முருகம்மாள் நின்றபடியே படித்தாள். 'தங்கள் மருந்தகத்தில் மேற்படி மருந்து செலவானதாகப் பதிவு இல்லை. குறிப்பிட்ட நாளில் இரு மாடுகளும் பயிலகத்தின் முயற்சியால் மீட்கப்பட்டவை. ஆகவே தங்களிடம் ஆறு பாட்டில்கள் இருப்பில் உள்ளதாகக் கருதப்படுகிறது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

அவள் அலமாரியைத் திறந்து பார்த்தாள். அந்தத் தட்டில் ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தை அந்தத் தட்டிலேயே வைத்துப் பூட்டினாள். வெளியே வரிசையாகப் பெட்டி ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மருந்தகத்தைச் சுற்றி எத்தனை கம்பெனி என்று விரல்விட்டு எண்ணினாள். பதினேழு வந்தது. கதவைச் சாத்திவிட்டு, வெடியுப்புச் சாக்குகளை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க முதல் கம்பெனியின் கேட்டை நோக்கி நடந்தாள்.